பாஸ்கா விருந்துக்கு என்ன வாங்கிப் போகலாம்?

கேள்வி: நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் இருக்கிறோம். மகளின் தோழி வீட்டார் யூதர்கள். அவர்களின் எட்டு நாள் பாஸ்கா பண்டிகையில் முதல் நாள் விருந்துக்குக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறார்கள். கோதுமைதானே ஆகாது, லெமன் ரைஸ் செய்து எடுத்துப் போகலாமா? கடையில் வாங்குவதென்றால் எதை வாங்குவது?

பதில்: லெமன் ரைஸ் வேண்டாம். கிழக்கு ஐரோப்பிய வழி வந்த யூதர்களில் பலர் இந்த எட்டு நாளும் அரிசி, பருப்பு, கடுகு எதையும் தொடமாட்டார்கள். ஸ்பெயின் வழி வந்தவர்களில் பலர் அரிசி சாப்பிடுவார்கள். ஆனால் நம் பெருங்காயத்தைப் பாருங்கள், கட்டி சேராமல் இருக்க அதில் பெரும்பாலும் கோதுமை மாவைக் கலக்கிறார்கள்! அதோடு, வழக்கத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் நம் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்ததையே ஏற்கமாட்டார்கள்.

அதனால் கடைப்பொருள்தான் நல்லது, அதுவும் சீல் பிரிக்காமல். 'கோஷர்' (யூத உணவு விதிக்கு உட்பட்டது) என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, 'பாஸ்காவுக்கான கோஷர்' என்று இருக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் வட்டத்துக்குள் 'யு' எழுத்தும் பக்கத்தில் 'பி' எழுத்தும் இருக்கும். அந்த 'பி'தான் பாஸ்காவைக் குறிக்கிறது. 'டி' இருந்தால் பால் பொருள். விருந்தில் இறைச்சி பரிமாறினால் பால் பொருளை மேசைக்கே கொண்டுவர மாட்டார்கள். புளிப்பில்லாத அப்பமான மாட்ஸாவிலும் கவனம் தேவை. ஆண்டு முழுக்க விற்கும் சாதாரண மாட்ஸாவில் 'பாஸ்காவுக்கு அல்ல' என்றே அச்சிட்டிருப்பார்கள், பக்கத்து அடுக்கிலேயே இருக்கும். புரூக்ளினில் கையால் சுடும் வட்ட மாட்ஸா விலை அதிகம். அதை அவர்களே முன்கூட்டி வாங்கிவிடுவார்கள், நீங்கள் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஒயின் நல்ல பரிசு. இரவில் ஆளுக்கு நான்கு கோப்பை குடிப்பது மரபு. நியூயார்க் மாநிலத்தில் சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்பதில்லை, அதற்கென்று உள்ள கடைக்குப் போய் அதே முத்திரை பார்த்து வாங்குங்கள். குழந்தைகளுக்குத் திராட்சை ஜூஸ். கோக் வாங்கினால் மஞ்சள் மூடி போட்டதாகப் பாருங்கள், அதில் சோளச் சர்க்கரைப் பாகுக்குப் பதில் சாதாரணச் சர்க்கரை. எதிலும் சந்தேகம் என்றால் பூங்கொத்து போதும். அல்லது தயங்காமல் அவர்களையே கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

அப்புறம், எகிப்திலிருந்து விடுதலையான கதையைப் படித்த பிறகுதான் சாப்பாடு வரும், நேரமாகும். மகளுக்குக் கிளம்பும் முன்பே வீட்டில் ஏதாவது கொடுத்துவிடுங்கள்.