கடலைக் கண்ட நதித்தேவன்

கேள்வி: மலையின் முன்போ கடலின் முன்போ மலைத்து நிற்கையில் எழும் உணர்வை மேலை அழகியல் தனிக் கோட்பாடாகவே வளர்த்திருக்கிறது. பண்டைய சீனத் தத்துவத்தில் இதற்கு நிகரான கருத்து உண்டா?

பதில்: உண்டு. ஆனால், அதற்கென்று தனிப்பெயர் தேடினால் அகப்படாது. ‘தா’ என்ற எளிய சீனச் சொல்லைப் பின்தொடர வேண்டும். ‘பெரிது’ என்பதே அதன் பொருள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கன்பூசிய மரபுச் சிந்தனையாளர் மென்சியஸ், நற்பண்பு ஒருவருக்குள் நிறைந்திருப்பதை அழகு என்றும், அந்நிறைவு வெளியே ஒளிவிடுவதைப் பெருமை, அதாவது ‘தா’, என்றும் கூறி, அதற்கு மேற்படிகளாகச் சான்றாண்மையையும் அறிவுக்கு எட்டாத தெய்விகத்தையும் வைக்கிறார். பெருமை அழகுக்கு எதிரானதாக இல்லாமல் அதன் முதிர்ச்சியாகவே இங்கு நிற்பது, என் பார்வையில், மிக முக்கியமானது.

இயற்கையின் பேருருவைப் பற்றிய சிந்தனைக்கோ, தாவோயிச ஞானி சுவாங்ஸியின் பெயரால் வழங்கும் ‘சுவாங்ஸி’ நூலின் 17ஆம் அத்தியாயத்துக்குத்தான் செல்ல வேண்டும். அதைச் சுவாங்ஸியே எழுதவில்லை, அவர் வழிவந்தவர்கள் எழுதினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இலையுதிர்கால வெள்ளத்தில் நூறு ஓடைகள் வந்து கலக்க, எதிர்க்கரையில் நிற்பது எருதா குதிரையா என்று தெரியாத அளவுக்கு மஞ்சளாறு அகன்றுவிடுகிறது. உலகின் அழகெல்லாம் தன்னிடமே சேர்ந்ததாக மகிழ்ந்து கிழக்கே செல்லும் நதித்தேவன், கரை காணாத வடகடலின் முன் பெருமூச்சு விடுகிறான். கிணற்றுத் தவளையிடம் கடலைப் பற்றியும், கோடைப்பூச்சியிடம் பனிக்கட்டியைப் பற்றியும் பேச முடியாது என்று கடல்தேவன் சொல்வது அப்போதுதான். நாம் வசையாக வழங்கும் ‘கிணற்றுத் தவளை’ அங்கே வசையாக வரவில்லை. இடமும் காலமும் அறிவுக்கு இடும் எல்லையைக் காட்டவே வருகிறது.

1790இல் வெளியான தம் நூலில் ஜெர்மன் தத்துவவாதி காண்ட், இயற்கையின் பேருரு முதலில் நம்மைச் சிறுமைப்படுத்தினாலும், அதனினும் உயர்ந்த பகுத்தறிவு நமக்குள் இருப்பதை உணர்வதில்தான் அந்த அனுபவம் நிறைவுறுகிறது என்றார். சீனக் கதையில் அப்படி மனிதன் மீண்டும் மேலெழும் கட்டமே கிடையாது. உன் சிறுமையை நீ உணர்ந்துவிட்டாய், இனி உன்னிடம் பெரும்நெறியைப் பற்றிப் பேசலாம் என்று கூறும் கடல்தேவன், வானுக்கும் மண்ணுக்கும் இடையே தானும் பெருமலைமீது கிடக்கும் சிறு கல் போன்றவனே என்கிறான்.