பள்ளிக்கு முன்னும் பின்னும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கட்டணம் வைப்பது எப்படி?

மணிக்கணக்கை விட வேளைக்கணக்கு நல்லது. அதாவது காலை வேளைக்கு ஒரு தொகை, மாலை வேளைக்கு ஒரு தொகை.

காலை 7:30 முதல் 8:45 வரை என்றால் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் சாப்பிட வைப்பது, காணாமல்போன ஒற்றைச் சாக்ஸைத் தேடுவது (தினமும் நடக்கும்!), பள்ளி வாசல்வரை போய்த் திரும்புவது எல்லாம் சேர்ந்தால் வேலை அதைத் தாண்டிவிடும். அந்தக் குழந்தைக்கென ஒதுக்கிய இடத்தை, முழுநாளும் இருக்கும் வேறொரு குழந்தைக்கும் தர முடியாது. பேருந்தில் முன்பதிவு செய்த சீட் மாதிரி. பாதி வழியில் இறங்கினாலும் முழு டிக்கெட்தான்.

சாப்பாடு, பயணம், காப்பீடு, உங்கள் உழைப்பு எல்லாவற்றையும் கூட்டித் தொகையை முடிவுசெய்யுங்கள். பள்ளி விடுமுறைக்கு முழுநாள் கட்டணம் தனி. தாமதமாக அழைத்துப்போனால் எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

குழந்தை வராத நாளுக்குப் பணம் கேட்பது அநியாயம் என்று சிலர் நினைப்பார்கள். அன்றும் அந்த இடம் அந்தக் குழந்தைக்காகத்தான் காலியாக இருந்தது.