“நாயைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க சார், என்ன செய்ய?”

நாய் திருட்டு, நாய் யாருக்குச் சொந்தம் என்கிற சண்டை இவற்றைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமிருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் கண்ணில் நாய் ஓர் அசையும் சொத்து. பைக், தையல் மெஷின், பசுமாடு மாதிரி. எனக்கும் இது பிடிக்காது. என் வீட்டு வாசலில் படுத்திருக்கும் சிப்பிப்பாறை இதை ஒப்புக்கொள்ளவே மாட்டான். ஆனால் நாயைத் திரும்ப வாங்கித் தரப்போவது அந்தச் ‘சொத்து’ என்கிற சொல்தான். அதனால் ஸ்டேஷனில் பாசத்தைப் பேசாதீர்கள், ரசீதைப் பேசுங்கள்.

கடலூரிலிருந்து ஒருவர்: வாசலில் நின்ற எங்கள் லாப்ரடாரை பைக்கில் வந்த இரண்டு பேர் பிஸ்கட் காட்டிக் கூட்டிப்போயிருக்கிறார்கள். எதிர்வீட்டு கேமராவில் பதிவாகியிருக்கிறது. புகார் கொடுக்கப் போனால், “நாய் தானா பின்னாடி போயிருக்கு, யாரும் தூக்கலையே” என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு 1860லேயே பதில் எழுதி வைத்துவிட்டார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவில் திருட்டுக்குக் கொடுத்த உதாரணங்களில் ஒன்று அப்படியே உங்கள் கதைதான்: ஒருவன் சட்டைப் பையில் நாய்க்கான தீனியை வைத்துக்கொண்டு, அடுத்தவன் நாயைத் தன் பின்னால் வரவழைக்கிறான். நேர்மையற்ற எண்ணத்தோடு அப்படிச் செய்தால், நாய் பின்தொடர ஆரம்பித்த அந்த நொடியிலேயே திருட்டு முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) இது 303ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துப் புகாரோடு இணையுங்கள்.

அடுத்தது விலை. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புதிய சட்டத்தில் திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. “எங்கள் செல்லம், விலை மதிப்பில்லாதது” என்று எழுதினால் விலையே இல்லை என்றுதான் படிப்பார்கள். வாங்கிய விலை, இன்று அதே இனத்தில் வளர்ந்த நாய் என்ன விலை போகும், இரண்டையும் உண்மையாக எழுதுங்கள். வீட்டுக்குள்ளிருந்து தூக்கியிருந்தால் அதையும் அழுத்திச் சொல்லுங்கள். குடியிருக்கும் வீட்டில் நடக்கும் திருட்டு தனிக் குற்றம், 305ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை தண்டனை.

கேமரா காட்சியை இன்றைக்கே காப்பி எடுங்கள். இடம் நிரம்பினால் பழையது தானாக அழிந்துவிடும். கோர்ட்டில் அது நிற்க வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும், எதிர்வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். வழக்குப் பதிய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., 173(4)). அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

புதுச்சேரிக்காரர்: பாகூர் பக்கம் திருடுபோன நாயை முள்ளோடையைத் தாண்டி கடலூர் எல்லையில் ஒரு வீட்டில் பார்த்தேன். இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் போ என்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம்.

எல்லையில் பாட்டிலுக்குத்தான் சோதனை, நாய் ஜாலியாகத் தாண்டிவிடும். எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எல்லைக்கு வெளியே என்றால் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே மாற்ற வேண்டும். திருட்டு நடந்த ஊரிலும் விசாரிக்கலாம், திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வைத்திருப்பவர் இருக்கும் ஊரிலும் விசாரிக்கலாம். மாநிலமும் யூனியன் பிரதேசமும் வேறுதான், ஆனால் சட்டம் ஒன்று, மேலே இருக்கிற உயர் நீதிமன்றமும் சென்னையில் இருக்கிற அதே ஒன்று.

நெய்வேலி: போனில் ஒருவர், “நாய் எங்க இருக்குன்னு தெரியும், பத்தாயிரம் கொடுத்தா கொண்டாந்து விடறேன்” என்கிறார். கொடுத்துவிடலாமா?

நம் தாத்தா காலத்து துப்புக்கூலி, அதாவது திருடுபோன மாட்டைத் துப்புச் சொல்லி மீட்டுத் தர வாங்கிய பணம், வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. அன்று மாடு, இன்று லாப்ரடார். திருட்டுப் பொருளை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவதே குற்றம், பி.என்.எஸ். 252. குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கத் தன்னாலான எல்லாவற்றையும் செய்தவருக்கு மட்டும்தான் விலக்கு. கொடுக்கிறேன் என்று சொல்லிப் பேச்சை நீட்டுங்கள், அழைப்பைப் பதிவு செய்யுங்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள். “குடுத்துட்டு நாயை வாங்கிக்கிறேன் சார்” என்று முடிவெடுப்பவர்களை நான் திட்ட மாட்டேன். ஆனால் ஜிபேயில் அனுப்புங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

பண்ருட்டி: ஆன்லைன் விளம்பரம் பார்த்து 12,000 கொடுத்து ஒரு பக் வாங்கினேன். இப்போது ஒருவர் வந்து அது தன் நாய் என்கிறார். நான் திருடவில்லையே!

திருடவில்லைதான். ஆனால் திருடனிடம் இல்லாத உரிமை உங்களுக்கு எப்படி வரும்? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. வந்தவர் அது தன் நாய்தான் என்று நிரூபித்தால் நாய் அவருக்கு, உங்கள் 12,000 விற்றவரிடமிருந்து. தெரியாமல் வாங்கியதற்குத் தண்டனை இல்லை, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்திருந்தால்தான் பி.என்.எஸ். 317ஆம் பிரிவு. அதனால் நாயை வேறு யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். அதுதான் உங்களைத் திருடன் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி: கணவரும் நானும் பிரிந்துவிட்டோம். பீகிளை வாங்கியது அவர் கார்டில். நாலு வருடம் வளர்த்தது நான், தடுப்பூசிப் புத்தகத்தில் என் பெயர். குழந்தைக்குக் கேட்பது போல நாய்க்கும் கஸ்டடி கேட்க முடியுமா சார்?

அந்தச் சொல்லில் கேட்க முடியாதும்மா. குழந்தை விஷயத்தில் நீதிமன்றம் ‘குழந்தையின் நலன்’ பார்க்கும். நாய்க்கு அப்படி ஒரு சட்டம் இங்கே இல்லை. ‘யாருக்குச் சொந்தம்’ என்றுதான் கேட்பார்கள்.

சரி, சொந்தம் எப்படி வரும்? அவர் பணத்தில் வாங்கியதாலேயே அவருடையதாகிவிடாது. பிறந்தநாளுக்கு உங்கள் கையில் கொடுத்தாரா? அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் வேண்டாம், கையில் கொடுத்தாலே போதும் (சொத்து மாற்றுச் சட்டம் 123). கொடுத்ததைக் கோபம் வந்ததும் திருப்பிக் கேட்க முடியாது. அன்றைக்கு அவர் போட்ட வாட்ஸப் ஸ்டேட்டஸ், “உனக்குத்தான்” என்று அனுப்பிய செய்தி, எல்லாவற்றையும் தேடி எடுங்கள். உங்கள் வழக்கின் பாதி அதில் இருக்கிறது.

கணவன் மனைவி சொத்துத் தகராறு என்பதால் வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போகும், 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. நாயையே திருப்பிக் கேட்க ‘குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்’ 7, 8ஆம் பிரிவுகள் இருக்கின்றன. “பணத்தைக் கொடுத்துவிடுகிறேன், வேறு நாய் வாங்கிக்கொள்” என்று அவர் சொன்னால், பணத்தால் ஈடாகாத பொருள் என்று வாதிடலாம். வழக்கு முடியும்வரை நாயை விற்கவோ வெளியூர் அனுப்பவோ கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்கலாம். குடும்ப வன்முறை நடந்திருந்தால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19(8) பிரிவில் உங்கள் பொருளைத் திருப்பித் தரச் சொல்லி மாஜிஸ்திரேட்டே உத்தரவிட முடியும். 2023ல் மும்பையில் ஒரு மாஜிஸ்திரேட், மனைவிக்கு இடைக்கால ஜீவனாம்சம் கணக்கிடும்போது அவருடைய மூன்று ராட்வைலர்களையும் கணக்கில் சேர்த்தார். அது ஒரு கீழ் நீதிமன்ற உத்தரவு, எல்லோரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுகிறது.

என்னைக் கேட்டால், சமரசம்தான் நாய்க்கும் நல்லது. வாரத்தில் எத்தனை நாள் யாரிடம், மருத்துவச் செலவு யாருடையது, வெளியூர் போனால் யாரிடம் விடுவது என்று எழுதி லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதிந்துவிடுங்கள். அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100க்கு அழையுங்கள்.

முத்தியால்பேட்டை: அக்கா மூன்று வருடம் முன்பு பாரீஸ் போகும்போது நாயை என்னிடம் விட்டுப் போனார். இப்போது வந்து கேட்கிறார். அவன் என்னைத்தான் அம்மா என்று நினைத்திருக்கிறான்.

போகும்போது அக்கா என்ன சொன்னார்? “வச்சுக்கோ” என்றாரா, “பார்த்துக்கோ” என்றாரா? கேலி இல்லை, வழக்கே இதில்தான். ‘வச்சுக்கோ’ என்றால் தானம், நாய் உங்களுடையது. ‘பார்த்துக்கோ’ என்றால் ஒப்படைப்பு, கேட்கும்போது திருப்பித் தர வேண்டும். மூன்று வருடம் கடந்ததால் அவர் உரிமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒப்படைத்த பொருளுக்கு மூன்று வருடக் கெடு ஆரம்பிப்பதே, அவர் கேட்டு நீங்கள் மறுக்கும் நாளில்தான். ஆனால் கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டதற்கான அவசியச் செலவை, தீவனம் ஊசி உட்பட, நீங்கள் கேட்கலாம் (ஒப்பந்தச் சட்டம் 158).

“பிரான்சில் நாய் பொருள் இல்லை, உணர்வுள்ள உயிர்” என்று அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், 2015ல் பிரெஞ்சு சிவில் சட்டத்தில் அப்படி எழுதினார்கள். அதே பிரிவின் அடுத்த வரியில், பாதுகாப்புச் சட்டங்களுக்கு உட்பட்டு, சொத்துக்கான விதிகளே பொருந்தும் என்றும் எழுதினார்கள். நாளைக்கே விமானத்தில் ஏற்றிவிடுவார் என்றும் பயப்படாதீர்கள். இந்தியாவிலிருந்து கொண்டுபோக மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதம் காத்திருப்பு. பேசித் தீர்க்க அக்காவுக்கும் உங்களுக்கும் நிறைய நேரம் இருக்கிறது.

விருத்தாசலம்: பக்கத்து வீட்டில் ஆறு மாதம் விட்டிருந்த பெட்டை ராஜபாளையம் அங்கேயே ஆறு குட்டி போட்டது. தாயைக் கொடுத்தார்கள், குட்டிகளைத் தர மாட்டேன் என்கிறார்கள்.

ஒப்பந்தச் சட்டம் 163ஆம் பிரிவின் உதாரணத்தைப் படித்துக் காட்டுங்கள்: பார்த்துக்கொள்ள விட்ட பசு கன்று போட்டால், பசுவோடு கன்றையும் கொடுக்க வேண்டும். வேறு மாதிரிப் பேசியிருந்தால் அந்தப் பேச்சு செல்லும். ஆடு மாட்டை வாரத்துக்கு (பங்குக்கு வளர்க்க) விடுவது போலப் ‘பாதிக் குட்டி உனக்கு’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் கொடுத்துவிடுங்கள்.

கடலூரிலிருந்து இன்னொருவர்: தேவனாம்பட்டினம் கடற்கரையில் கழுத்துப் பட்டையோடு திரிந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு மாதமாக யாரும் வரவில்லை. எனக்கே சொந்தமா?

இல்லை. பட்டை இருந்தாலே உரிமையாளர் இருக்கிறார் என்று அர்த்தம். அவரைத் தேடாமல் வைத்துக்கொண்டால், அடுத்தவர் பொருளை நேர்மையின்றித் தனதாக்கியதாக பி.என்.எஸ். 314ஆம் பிரிவில் சிக்கலாம். கால்நடை மருத்துவரிடம் சிப் இருக்கிறதா பாருங்கள், ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உரிமையாளர் வந்தால் செலவைத் தரும்வரை நாயைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். ஆனால் அந்தச் செலவுக்காக வழக்குப் போட முடியாது. அவர் சன்மானம் அறிவித்திருந்தால் மட்டும் அதைக் கேட்டு வழக்குப் போடலாம்.

வில்லியனூர்: நாய்களுக்கான விடுதியில் விட்ட நாயைத் தொலைத்துவிட்டு, பொறுப்பில்லை என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருக்கிறோமே என்கிறார்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள், இரண்டு வருடத்துக்குள். விடுதிக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. பின்பக்க அச்சைப் பார்த்து மிரள வேண்டாம்.

சிதம்பரம்: போலீஸ் நாயை மீட்டுவிட்டது. “கோர்ட்டில் வாங்கிக்கோ” என்கிறார்கள். அதுவரை ஸ்டேஷனிலா இருக்கும்?

இன்றே பி.என்.எஸ்.எஸ். 503இல் மனுப் போடுங்கள், பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து இடைக்காலமாக வாங்கிக்கொள்ளலாம். கைப்பற்றிய பொருளை ஸ்டேஷனில் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 2002ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வாகனங்களையும் நகைகளையும் மனதில் வைத்து. சோறு தின்னும் சொத்துக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும்.

பலர் கேட்டது: அந்த வீட்டுக்குப் போய் நானே அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டால்?

உங்கள் பொருள் என்று நல்லெண்ணத்தில் எடுத்தால் திருட்டு ஆகாது. ஆனால் அத்துமீறி நுழைந்த வழக்கும் அடிதடி வழக்கும் உங்கள் மேல் வரும். வேண்டாம்.

அரியாங்குப்பம்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்னிடம் ஓடி வருவான். ஜட்ஜ் முன்னால் அதைக் காட்டினால் போதாதா?

எதிராளி கையில் பிஸ்கட் இல்லாத வரைக்கும் சரி. 2020ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் ஒரு லாப்ரடாருக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாட, போலீஸ் டி.என்.ஏ. பரிசோதனைவரை போனது. தாய் தகப்பன் நாய் யாரிடம் என்று தெரிந்தால் உங்களுக்கும் அந்த வழி உண்டு. அதற்கு முன் கையில் இருப்பதைச் சேருங்கள்: வாங்கிய ரசீது அல்லது பணம் அனுப்பிய பதிவு, கென்னல் கிளப் சான்றிதழ் இருந்தால் அது உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா, நகராட்சி உரிமம், 15 இலக்க சிப் எண், குட்டியிலிருந்து எடுத்த படங்கள். சிப் மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது, தொலைந்த பிறகு எதிராளியே கூடப் போட்டிருக்கலாம். நான் அதிகம் நம்புவது தடுப்பூசிப் புத்தகத்தைத்தான். குரும்பாபேட் கால்நடைக் கல்லூரியில் காட்டினாலும் தெருமுனை டாக்டரிடம் காட்டினாலும், உங்கள் பெயர், நாயின் நிறம், மச்சம், தழும்பு எல்லாவற்றையும் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். உங்களுடையதில் ‘பிரவுன் நாய்’ என்று மட்டும் எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அரியாங்குப்பத்தில் பிரவுன் நாய்க்கா பஞ்சம்?