எம்பிஏ கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்: பங்கு கேட்காத ஆக்ஸிலரேட்டர்கள்

மகள் இன்ஜினியரிங் கடைசி ஆண்டு. தோழியோடு சேர்ந்து ஒரு சின்னக் கருவி செய்திருக்கிறாள். பழமும் மருந்தும் ஏற்றிச் செல்லும் குளிர்சாதன லாரிக்குள் வெப்பநிலை ஏறினால், அது உடனே உரிமையாளரின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். சில லாரி உரிமையாளர்கள் மாதாமாதம் காசு கொடுத்துப் பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டிலிருந்தும் ஒரு நிறுவனம் விசாரித்திருக்கிறது. இந்த நேரத்தில் பெரியப்பா ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "முதலில் வெளிநாட்டில் எம்பிஏ, அப்புறம் தொழில்." வீட்டை அடமானம் வைத்தால் வங்கிக் கடன் கிடைக்குமாம். மகளோ ஏதோ ஆக்ஸிலரேட்டர் என்கிறாள். "அது படிப்பா, வேலையா, ஏமாற்று வேலையா என்றே எங்களுக்குப் புரியவில்லை" என்று அவளுடைய அம்மா எழுதியிருக்கிறார்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறதம்மா. ஆனால் அந்தக் கடனுக்கு இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவின் முதல் வரிசை வணிகப் பள்ளிகளில் இரண்டு ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே 1,50,000 டாலரைத் தாண்டுகிறது. தங்குவது, சாப்பாடு, காப்பீடு எல்லாம் தனி. அங்கே சேருபவர்களுக்குச் சராசரியாக ஐந்து ஆண்டு வேலை அனுபவம் இருக்கும். இன்னும் பட்டமே வாங்காத பெண்ணுக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம். "கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று ஏஜென்ட் காட்டும் கல்லூரி பெரும்பாலும் பெரியப்பா மனதில் வைத்திருக்கும் கல்லூரியாக இருக்காது. அப்படியே நல்ல இடம் கிடைத்தாலும் படிப்பு முடிந்த கொஞ்ச நாளில் தவணை ஆரம்பித்துவிடும். தவணை கட்ட வேண்டியவள் சம்பளம் வரும் வேலைக்குத்தான் போவாள், போக வேண்டும். படிப்பு விசாவில் இருந்துகொண்டே சொந்த நிறுவனம் நடத்திச் சம்பாதிக்கவும் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. தொழில் தொடங்க உதவும் என்று வாங்கும் கடனே தொழிலை ஐந்தாறு வருடம் தள்ளிப்போடும். அதற்குள் இன்று காசு கொடுக்கும் லாரி உரிமையாளர்கள் வேறு யாரிடமாவது போயிருப்பார்கள்.

எம்பிஏவை நான் மட்டம் தட்டவில்லை. பெரிய நிறுவனத்தில் மேலாளராக வளர நினைப்பவருக்கு அது நல்ல வழி. கையில் பொருளும் வாடிக்கையாளரும் இருக்கும் ஒருத்திக்கு இந்த வருடம் அது தேவையில்லை.

இனி ஆக்ஸிலரேட்டர். அது ஏமாற்று வேலை இல்லை. ஆனால் அந்தப் பெயரை மாட்டிக்கொண்டு ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள், அதைப் பிறகு சொல்கிறேன். தொடக்க நிலையில் இருக்கும் நிறுவனங்களை ஒரு குழுவாகத் தேர்ந்தெடுத்து, மூன்று நான்கு மாதம் நெருக்கிப் பிடித்து வேலை வாங்கும் திட்டம் அது. அனுபவமுள்ள தொழில்முனைவோர் வாராவாரம் உட்கார்ந்து கணக்குக் கேட்பார்கள். கடைசியில் டெமோ டே என்று ஒரு நாள் முதலீட்டாளர்கள் முன் நிறுத்துவார்கள். பல ஆக்ஸிலரேட்டர்கள் நிறுவனத்தில் பணம் போட்டு, பதிலுக்கு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2005-இல் தொடங்கிய ஒய் காம்பினேட்டர்தான் இந்த முறைக்கு வழி காட்டியது. டிராப்பாக்ஸ், ஏர்பிஎன்பி, ஸ்ட்ரைப் போன்ற பெரிய நிறுவனங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. அடுத்து டெக்ஸ்டார்ஸ். இந்த இரண்டு பெயரும் உங்கள் மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், அதனால் அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு கணக்கு மட்டும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதை வீட்டில் யாரும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒய் காம்பினேட்டரின் வழக்கமான ஒப்பந்தத்தில் 1,25,000 டாலருக்கு நிறுவனத்தின் 7 சதவீதம் போகிறது. கூடவே 3,75,000 டாலர் தருவார்கள். அதற்கு எவ்வளவு பங்கு என்பது அடுத்த முதலீட்டாளர் வரும்போது முடிவாகும். இரண்டாவது தொகையை விட்டுவிட்டே கணக்குப் போடுவோம். முதலில் 93 சதவீதம் மிஞ்சுகிறது. அடுத்த முதலீட்டாளருக்கு அதில் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 74.4. இரண்டு தோழிகளும் பாதிப் பாதி பிரித்தால் ஆளுக்கு 37.2. முதல் இரண்டு வருடத்துக்குள் நடக்கக்கூடியது இது. இன்னொன்றும் உண்டு. இத்தகைய ஆக்ஸிலரேட்டர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற சில இடங்களில் பதிவான நிறுவனத்தில்தான் முதலீடு செய்யும். அதனால் தாய் நிறுவனத்தை அங்கே உருவாக்கி, உள்ளூர் நிறுவனத்தை அதன் கீழ் கொண்டுவர வேண்டியிருக்கும். வக்கீல், ஆடிட்டர், இரண்டு நாட்டு வரிக் கணக்கு என்று செலவு தொடரும். திரும்பி வர நினைத்தால் அதற்கும் செலவு. வேகமாகப் பெரிதாக வளரும் தொழிலுக்கு இந்த விலை நியாயம்தான். விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கே இடம் கிடைக்கும் ஒன்றை மட்டும் நம்பி ஒரு வருடத்தை ஓட்டுவது நியாயமில்லை.

நான் உங்கள் மகளுக்குச் சொல்ல விரும்பும் வழி வேறு. அரசாங்கங்களே நடத்தும், பங்கு எதுவும் கேட்காத ஆக்ஸிலரேட்டர்கள் இருக்கின்றன. வெளிநாட்டு இளைஞர்களைத் தங்கள் நாட்டுக்கு அழைத்து, பணமும் விசாவும் இடமும் கொடுத்து, "இங்கே தொழில் செய்து பாருங்கள்" என்கிறார்கள். இதை ஏனோ கல்லூரி வேலைவாய்ப்பு அதிகாரிகள் யாரும் பேசுவதே இல்லை.

இதில் முன்னோடி தென் அமெரிக்க நாடான சிலி. 2010-இல் அந்நாட்டு அரசு ஸ்டார்ட்-அப் சிலி என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதல் சோதனைச் சுற்றில் 14 நாடுகளிலிருந்து 22 நிறுவனங்கள் போயின. ஒவ்வொன்றுக்கும் 40,000 டாலர், ஓராண்டு வேலை விசா, தலைநகர் சாண்டியாகோவில் உட்கார்ந்து வேலை செய்ய இடம். பதிலுக்கு அரசு ஒரு சதவீதப் பங்குகூட எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஏன் கொடுத்தார்கள்? தங்கள் நாட்டு இளைஞர்கள் புதுத் தொழில் தொடங்கத் தயங்குகிறார்கள், வெளியாட்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து செய்தால் அந்தத் தயக்கம் உடையும் என்று நினைத்தார்கள். அதனால் வந்தவர்களுக்கு ஒரு கடமை வைத்தார்கள்: கல்லூரிகளில் பேச வேண்டும், பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும், உள்ளூர் ஆட்களோடு அனுபவத்தைப் பகிர வேண்டும். அடுத்த ஆண்டே சிலி நாட்டவருக்கும் திட்டத்தைத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு அது நிறுவனத்தின் நிலைக்கு ஏற்பத் தனித்தனிப் பிரிவுகளாக நடக்கிறது. தொகையும் விதிகளும் சுற்றுக்குச் சுற்று மாறும் என்பதால் அதிகாரபூர்வ அறிவிப்பை மட்டுமே நம்புங்கள்.

பணம் கிடைத்தால் போதுமா? போதாது என்பதற்கு இதே திட்டத்தில் நல்ல சான்று இருக்கிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த ஓர் ஆய்வாளரும் சிலியைச் சேர்ந்த ஓர் ஆய்வாளரும் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பணமும் இடமும் மட்டும் பெற்ற நிறுவனங்களுக்கு அவற்றால் பெரிய பலன் எதுவும் தென்படவில்லை. அவற்றோடு சேர்த்து, சொன்ன இலக்கை முடித்தாயா என்று விடாமல் கேட்கும் வழிகாட்டுதலும் கிடைத்த நிறுவனங்கள்தான் கூடுதல் முதலீடு திரட்டி, அளவிலும் வளர்ந்தன. ஆகவே திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தொகையைப் பார்ப்பதற்கு முன், வாராவாரம் யார் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய குழுக்களில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்து ஒரு அரை மணி நேரம் பேசினால் இது தெரிந்துவிடும். பெரும்பாலும் பதில் சொல்வார்கள்.

உங்கள் மகளின் கருவிக்குச் சிலி பொருந்தும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாடு வெளியே விற்பவற்றில் கணிசமான பகுதி குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டிய சரக்கு. சால்மன் மீன் வளர்ப்பில் நார்வேக்கு அடுத்த இடம் அதற்கு. அங்கே விளையும் செர்ரிப் பழம் சந்திரப் புத்தாண்டு விற்பனைக்காகப் பசிபிக் பெருங்கடலைத் தாண்டிச் சீனாவுக்குப் போகிறது. விரைவுக் கப்பலில் போனாலும் ஏறக்குறைய மூன்று வாரம். வழியில் ஓர் இடத்தில் குளிர் விட்டுப்போனால் மொத்தப் பெட்டியும் நஷ்டம். லாரியில் வெப்பநிலை ஏறினால் தெரிவிக்கும் கருவி, தோட்டத்திலிருந்து துறைமுகம் வரைக்கும் அங்கே எத்தனை கைகளுக்குத் தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை இதுதான்: எங்கே பெயர் பெரிது என்று தேடாமல், நம் பொருள் இல்லாமல் யாருக்கு நஷ்டம் ஆகிறதோ அந்த ஊரைத் தேட வேண்டும்.

தென் கொரியாவும் இப்படி ஒன்று நடத்துகிறது. 2016-இல் தொடங்கிய கே-ஸ்டார்ட்அப் கிராண்ட் சேலஞ்ச் வெளிநாட்டு நிறுவனங்களுக்கென்றே வந்த திட்டம். அலுவலக இடம், தங்கும் செலவுக்கு உதவித்தொகை, கொரியப் பெரு நிறுவனங்களோடு நேரடிச் சந்திப்பு, முடிவில் டெமோ டேயில் முன்னணியில் வரும் அணிகளுக்குப் பரிசுப் பணம். சென்சாரும் மின்னணுப் பலகையும் சேர்ந்த கருவி என்பதால் உற்பத்திக் கூட்டாளி தேடுவதற்கு அந்த நாடு ஏற்றது. வாடிக்கையாளர் வேண்டுமானால் சிலி, தயாரிப்பைச் செப்பனிட வேண்டுமானால் கொரியா என்று இரண்டு தோழிகளும் பேசி முடிவெடுக்கட்டும். அமெரிக்காவின் பாஸ்டனில் லாப நோக்கமில்லாமல் நடக்கும் மாஸ்சேலஞ்ச் என்ற ஆக்ஸிலரேட்டரும் பங்கு கேட்பதில்லை. அதையும் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.

எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி பற்றியும் யாராவது சொல்வார்கள். 2014 கடைசியில் வந்த அந்த டிஜிட்டல் அட்டையை வைத்து உலகில் எங்கிருந்தும் எஸ்டோனியாவில் நிறுவனம் பதிவு செய்து நடத்தலாம். அது விசா இல்லை, குடியுரிமை இல்லை, அங்கே போய் வாழும் உரிமையும் இல்லை. "அட்டை வாங்கினால் ஐரோப்பாவில் குடியேறலாம்" என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தேர்வாகிவிட்டீர்கள் என்று மின்னஞ்சல் அனுப்பி, இடத்தை உறுதிசெய்யப் பணம் கட்டச் சொல்லும் எந்த ஆக்ஸிலரேட்டருக்கும் ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். நல்ல திட்டங்கள் நிறுவனத்தில் பணம் போடும், இல்லையென்றால் இலவசமாக நடத்தும். "சர்வதேச விருது, மேடை, புகைப்படம், பங்கேற்புக் கட்டணம் தனி" என்று வரும் அழைப்புகளும் அதே வகைதான். அடுத்தது, அரசுத் திட்டம் என்றாலும் கைக்காசு கொஞ்சம் வேண்டும். சிலியிலேயே ஆரம்ப ஆண்டுகளில் முதலில் நீங்கள் செலவு செய்து, ரசீது காட்டி, அப்புறம்தான் பணத்தைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. விமான டிக்கெட், முதல் இரண்டு மாத வாடகை, மருத்துவக் காப்பீடு இவ்வளவுக்கும் சேமிப்பிலிருந்து எடுக்க முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் போகட்டும். அதற்கும் கடன்தான் வாங்க வேண்டும் என்றால் இந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். லாரிக் கருவியிலிருந்து வரும் மாத வருமானத்தைச் சேர்த்துவைத்து அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை நான் மறுபடி மறுபடி படித்தேன். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் மகள் சர்க்யூட் பலகையோடு உட்கார்ந்திருப்பாள், லாரிக்காரர்களிடம் பேசுவதெல்லாம் தோழிதான் என்கிறீர்கள். இது முக்கியமான செய்தி. ஆக்ஸிலரேட்டரில் ஒருவர் நாள் முழுக்க முன்பின் தெரியாத ஆட்களைச் சந்தித்து, மறுப்புகளைக் கேட்டுக்கொண்டு, மறுநாளும் போக வேண்டும். அந்த வேலை தோழியுடையது. தலைமைச் செயல் அதிகாரி என்ற பதவி உங்கள் மகளிடம்தான் இருக்க வேண்டும் என்று உறவினர்கள் யாராவது தூபம் போட்டால் காதில் வாங்காதீர்கள். கருவியை உருவாக்குகிறவளாக இருப்பது எந்த விதத்திலும் கீழான இடம் இல்லை. பல திட்டங்கள் நிறுவனர்களில் ஒருவராவது நேரில் வந்து தங்க வேண்டும் என்றுதான் கேட்கின்றன. தோழி போய், மகள் இங்கிருந்தே கருவியை மேம்படுத்துவதும் நடக்கக்கூடிய ஏற்பாடு. போகும் முன் இருவருக்கும் இடையே பங்குப் பிரிவினையை எழுத்தில் போடச் சொல்லுங்கள். யாராவது நடுவில் விலகினால் அவருடைய பங்கு என்ன ஆகும் என்பதும் அதில் இருக்கட்டும். சிநேகிதிகள்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

ஒருவேளை நிதானமாகக் கேட்டபோது "எனக்குத் தொழிலே வேண்டாம், நல்ல ஹார்ட்வேர் நிறுவனத்தில் வேலைக்குப் போகிறேன்" என்று அவள் சொன்னால், அதையும் முழு மனதோடு ஏற்றுக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் எம்பிஏவைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் என்னுடைய ஆக்ஸிலரேட்டரைத் திணிப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

செய்ய விரும்பினால் இந்த மாதத்து வேலை இது. பாஸ்போர்ட் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் எந்த மாதத்திலிருந்து எவ்வளவு கொடுக்கிறார், கருவி எத்தனை முறை சரக்கைக் காப்பாற்றியது என்பதை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பத்தைப் படிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். ஒரு நிமிட வீடியோவில் அலங்காரம் வேண்டாம், லாரிக்குள் கருவி வேலை செய்வதைக் காட்டினால் போதும். "ஏன் எங்கள் நாடு?" என்ற கேள்வியில் விண்ணப்பம் சறுக்கிவிடக் கூடாது. பணம் தீர்ந்ததும் பலர் கிளம்பிப் போய்விட்டார்கள் என்ற விமர்சனத்தைச் சிலி சந்தித்திருக்கிறது, அதனால் அந்தப் பதிலைக் கூர்ந்து படிப்பார்கள். அங்குள்ள பழ ஏற்றுமதியாளர் இருவர் மூவருக்கு இப்போதே எழுதி, அவர்கள் சொல்லும் பிரச்சினையை அந்தப் பதிலில் சேர்க்கட்டும். வரைவு தயாரானதும் இருவரையும் என்னிடம் அனுப்புங்கள், உட்கார்ந்து திருத்துவோம்.