4எஸ் மறந்துபோனால் காமர்ஸா?

வணக்கம் அம்மா. மகள் பிளஸ் ஒன் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வேதியியலில் ஆர்பிட்டால்கள் (அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் இடங்கள், 1எஸ், 2பி என்று பெயர்) நிரம்பும் வரிசையைத் தினமும் எழுதிப் பார்க்கிறாள், மறுநாள் மறந்துவிடுகிறாள், காமர்ஸுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காமர்ஸ் நல்ல படிப்புதான். அவளுக்கு ஆசை இருந்தால் மாற்றுங்கள், இந்த ஒரு வரிசைக்குப் பயந்து வேண்டாம்.

முதலில், எழுதி எழுதி மனப்பாடம் செய்வதை நிறுத்தச் சொல்லுங்கள். 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி வரை யாருக்கும் சிக்கல் இல்லை. அப்புறம் 3டி வரும் என்று பார்த்தால் 4எஸ் வந்து நிற்கும். பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான். எஸ்-க்கு 0, பி-க்கு 1, டி-க்கு 2, எஃப்-க்கு 3 என்று வைத்து முன்னால் உள்ள எண்ணோடு கூட்டட்டும். 4எஸ்-க்கு 4, 3டி-க்கு 5. கூட்டுத்தொகை குறைந்தது முதலில் நிரம்பும். 3டி, 4பி இரண்டுக்கும் 5 வருகிறதே என்றால், முன்னெண் சிறியதான 3டி முதலில். இதுதான் ஆஃபா தத்துவம். ஆஃபா என்பவர் ஏதோ விஞ்ஞானி என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. கட்டி எழுப்புதல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் அது.

தனிம வரிசை அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். நான்காம் வரிசையில் பொட்டாசியம், கால்சியம் இரண்டிலும் நிரம்புவது 4எஸ். ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்தும் 3டி. அடுத்த ஆறும் 4பி. வரிசை அங்கேயே எழுதிக் கிடக்கிறது, புத்தகம் படிப்பதுபோல இடமிருந்து வலமாகப் படித்தால் போதும். பரீட்சை ஹாலில் அட்டவணை இருக்காதே என்பீர்கள். சரி, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல 1எஸ். அதன் கீழே 2எஸ், 2பி. அதன் கீழே 3எஸ், 3பி, 3டி. இப்படியே எழுதி, வலது மேலிருந்து இடது கீழாகச் சாய்கோடு போட்டால் அதே வரிசை வந்துவிடும். அரை நிமிட வேலை.

குரோமியமும் தாமிரமும் மட்டும் இந்த விதிக்குப் பிடிகொடுக்காது. இரண்டிலும் 4எஸ்-இல் ஒரே எலக்ட்ரான்தான். 3டி-யில் முறையே 5, 10. முதல் முப்பது தனிமங்களில் இந்த இரண்டுதான், இவற்றை மட்டும் மனப்பாடமே செய்யட்டும். இன்னொரு பொறி: நிரம்பும்போது முதலில் வந்த 4எஸ்-தான், அணு எலக்ட்ரானை இழந்து அயனி ஆகும்போதும் முதலில் காலியாகும். நீட் தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்பதால் இந்த இடத்தில் நிதானம் வேண்டும்.

வேதியியலின் எடையையும் பாருங்கள். நீட்டில் 720-க்கு 180, பொறியியல் கட்-ஆஃபில் 200-க்கு 50. எந்தப் பக்கம் போனாலும் கால் பங்கு. இந்த வரிசையோ அந்தக் கால் பங்கில் ஒரு பாடத்தின் ஒரு மூலை.

ஒரு வாரம் கழித்து இரும்பின் எலக்ட்ரான் அமைப்பைக் கேளுங்கள். 26 எலக்ட்ரான், கடைசியில் 3டி-யில் 6, 4எஸ்-இல் 2 என்று முடிய வேண்டும். அவளே கோடு போட்டுச் சொல்லிவிட்டால் குரூப் பேச்சை விட்டுவிடுங்கள். வரவில்லை என்றால், கணக்கு, இயற்பியல் விடைத்தாள்களையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.