ஏற்கெனவே உடல் பருமன், இப்போது கர்ப்பம்: எடை எவ்வளவு ஏறலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, கர்ப்பமாகும் முன்பே எடை அதிகமாக இருந்த பெண்களிடமிருந்து வந்தவை. சென்னையில் கர்ப்பிணிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. உங்கள் டாக்டர் சொல்வதும் நான் சொல்வதும் வேறுபட்டால், உங்களை நேரில் பார்த்தவர் சொல்வதையே கேளுங்கள். ஒரு கேள்வி அவசரமானது, அதை வரிசை மாற்றி முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தாம்பரத்திலிருந்து ஒரு கணவர்: மனைவிக்கு 33 வாரம். ஒரே வாரத்தில் 2 கிலோ ஏறிவிட்டது. முகமும் கையும் வீங்கியிருக்கிறது, மோதிரம் கழற்ற முடியவில்லை. உப்பைக் குறைத்தால் போதுமா?

போதாது. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் ரத்த அழுத்தம் பாருங்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கால் வீக்கம் கடைசி மாதங்களில் பலருக்கும் வரும். முகமும் கையும் வீங்கி, எடையும் திடீரென்று ஏறினால், அது சாப்பாட்டால் வந்த எடை இல்லை, உடம்பில் நீர் கோத்துக்கொண்டதாக இருக்கலாம். ப்ரீஎக்லாம்சியாவின், அதாவது கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறித் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தாகும் நோயின், அறிகுறியாக இருக்க வாய்ப்புண்டு. பருமனான பெண்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, இதில் ஒன்று சேர்ந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 24 மணி நேரமும் பார்ப்பார்கள். காலையில் போகலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

பெரம்பூர் வாசகி: உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ. இப்போது 10 வாரம். மசக்கையில் 2 கிலோ குறைந்துவிட்டேன். அத்தை "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்கிறார். குழந்தைக்கு ஆபத்தா மேடம்?

பயப்படாதீர்கள்மா. முதல் 3 மாதத்தில் ஒன்றிரண்டு கிலோ குறைவது சகஜம். குழந்தையே இப்போது 3 செ.மீ. நீளம்தான் இருக்கும். அதற்குத் தேவையானது உங்கள் உடம்பில் இருக்கிறது. ஆனால் 4 கிலோவுக்கு மேல் குறைந்தாலோ, குடித்த தண்ணீரும் தங்காமல் வெளியே வந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள், குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கலாம். போலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எடை அதிகமுள்ளவர்களுக்குச் சில டாக்டர்கள் கூடுதல் அளவில் எழுதுவார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

முதல் 3 மாதத்துக்குக் கூடுதல் சாப்பாடே தேவையில்லை. அதன் பிறகும், சராசரி எடையுள்ள பெண்ணுக்கே ஒரு நாளைக்குக் கூடுதலாக வேண்டியது சுமார் 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கிண்ணம் சுண்டல், அவ்வளவில் முடிந்துவிடும். உங்களுக்கு அதைவிடக் குறைவாகவே போதும். அத்தை அன்பில்தான் சொல்கிறார். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் அவருக்கும் நிம்மதியாக இருக்கும்.

அண்ணா நகர் வாசகி: உயரம் 160 செ.மீ., எடை 71 கிலோ. ஒரு டாக்டர் ஓவர்வெயிட் என்கிறார், இன்னொருவர் ஒபிசிட்டி என்கிறார். நான் எத்தனை கிலோ ஏறலாம்?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண்ணான பி.எம்.ஐ. உங்களுக்கு 27.7. உலக அளவில் 25-க்கு மேல் ஓவர்வெயிட், 30-க்கு மேல் ஒபிசிட்டி. நம் மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் பிரஷரும் வந்துவிடுவதால், இந்தியாவில் 23, 25 என்று கோட்டைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள்.

கர்ப்பகால எடைக்குப் பெரும்பாலான டாக்டர்கள் பார்ப்பது அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2009-ல் வெளியிட்ட அட்டவணை. அதன்படி சராசரி எடைக்காரர்கள் 11.5 முதல் 16 கிலோ வரை ஏறலாம். பி.எம்.ஐ. 25 முதல் 30-க்குள் இருந்தால் 7 முதல் 11.5 கிலோ. 30-ம் அதற்கு மேலும் என்றால் 5 முதல் 9 கிலோ.

ஏன் இந்தக் குறைவு? ஏறும் எடை எங்கே போகிறது என்று பாருங்கள். குழந்தை 3 கிலோ, நஞ்சுக்கொடி முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, பனிக்குட நீர் ஒரு கிலோவுக்குள், கர்ப்பப்பை ஒரு கிலோ, கூடுதல் ரத்தம் ஒன்றேகால் கிலோ, அப்புறம் மார்பகமும் உடம்பில் சேரும் நீரும். எல்லாம் சேர்ந்து எட்டு, ஒன்பது கிலோ. மீதி, பால் கொடுக்கும் காலத்துக்காக உடம்பு சேர்த்துவைக்கும் கொழுப்பு. உங்களிடம் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை. அதனால் உங்களுக்கு 7, 8 கிலோ பக்கத்தில் நின்றால் நல்லது என்பது என் எண்ணம்.

வேளச்சேரி வாசகி: எனக்கும் பி.எம்.ஐ. 28. 26 வாரத்திலேயே 9 கிலோ ஏறிவிட்டது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தலாமா?

வேண்டாம். ஏறியதை இப்போது இறக்கப் பார்க்காதீர்கள். பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது கீட்டோன் என்ற பொருள் உண்டாகும், அது குழந்தைக்கு நல்லதில்லை. இனிமேல் வாரத்துக்குக் கால் கிலோ என்ற வேகத்தில் போனால் போதும். மொத்தம் 12, 13 கிலோ ஆனாலும் அதற்காக மனம் உடைய வேண்டாம்.

எங்கே குறைப்பது என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது குடிப்பதைத்தான். மூன்று வேளைக் காபியில் போடும் சர்க்கரை, ஜூஸ் கடையில் வாங்கும் ரோஸ் மில்க், வெயிலுக்கு இதம் என்று குடிக்கும் சர்பத். இவற்றை மோராகவும் தண்ணீராகவும் மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும். தட்டில் சாதத்தை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் முருங்கைக்கீரைப் பொரியலோ, முட்டையோ, நெத்திலிக் குழம்போ வையுங்கள். சுறா மட்டும் வேண்டாம், பாதரசம் அதிகம்.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே மெஷினில், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். வீட்டு மெஷின், கிளினிக் மெஷின் என்று மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றரை கிலோ ஏறிவிட்டது என்று அழுதபடி வந்தவர்கள் உண்டு. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஏறி நிற்பவர்களும் உண்டு.

திருவொற்றியூர் வாசகி: குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 152. சாப்பாட்டை மாற்றியதும் ஒரு கிலோ குறைந்துவிட்டது. ஊசி போட வேண்டி வருமா?

75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் 140-ம் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டிருந்தாலும் செய்யக்கூடிய இந்த எளிய சோதனை பரவியதில் சென்னை டாக்டர் வி. சேஷையாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நாட்டில் அனுசரிக்கிறோம்.

முதல் 2 வாரம் சாப்பாட்டையும் நடையையும் வைத்துப் பார்ப்பார்கள். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 120-க்குள் வந்துவிட்டால் பலருக்கு ஊசி தேவைப்படாது. வராவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள், இன்சுலின் குழந்தையைப் பாதிக்காது. சர்க்கரையையும் மைதாவையும் நிறுத்தியதும் ஒரு கிலோ குறைவது நடப்பதுதான், ஸ்கேனில் குழந்தை சரியாக வளர்ந்தால் கவலை இல்லை. அதற்கு மேலும் குறைந்துகொண்டே போனால், பயத்தில் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மூன்று வேளையோடு நடுவில் இரண்டு முறை சிறிதாக ஏதாவது சாப்பிடுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: நடக்கலாமா? கத்திரி வெயிலில் எப்படி?

டாக்டர் தடை சொல்லாவிட்டால் தினமும் அரை மணி நேரம் நடங்கள். நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் காலை 6 மணிக்கே போய்விடுங்கள், வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். நடக்கும்போது பேச்சு மூச்சு முட்டாமல் வர வேண்டும், அந்த வேகம் போதும். முடியாத நாளில் சாப்பிட்டதும் வீட்டுக்குள்ளேயே 10 நிமிடம் நடந்தாலும் சர்க்கரைக்கு நல்லது.

கொளத்தூர் வாசகி: பிரசவம் முடிந்து எப்போது டயட் ஆரம்பிக்கலாம்?

முதல் 6 வாரம் டயட் பேச்சே வேண்டாம். பால் கொடுங்கள், தூங்க முடிந்தபோது தூங்குங்கள். பத்தியம் என்று காய்கறியை நிறுத்திவிட்டு நெய்யையும் லேகியத்தையும் கூட்டுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால், 6-வது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அன்றே நீங்களும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடைக் குறைப்பை அதற்குப் பிறகு மெதுவாக ஆரம்பிக்கலாம்.