பாராலீகல் படிப்புக்கு நாற்பதாயிரம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. பி.காம். முடித்து, ஆத்தங்குடியில் ஒரு பூக்கல் (தரை ஓடு) பட்டறையில் ஐந்து வருடம் கணக்கு எழுதினேன். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தி மகள் அங்கே கம்யூனிட்டி காலேஜில் பாராலீகல் (வக்கீலுக்குச் சட்ட வேலைகளில் உதவியாளர்) படித்து, ஒரு வக்கீல் அலுவலகத்தில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள். "நீயும் படி, அக்கா" என்கிறாள். இங்கே ஆன்லைனில் மூன்று மாதப் பாராலீகல் பயிற்சிக்கு நாற்பதாயிரம் கேட்கிறார்கள், வேலை நிச்சயமாம். வீட்டிலோ, "கோர்ட்டு வாசலெல்லாம் பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்கிறார்கள். பணம் கட்டலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காரைக்குடி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

பணத்தைக் கட்டாதீர்கள். ஆனால் ஆசையை விட்டுவிடவும் வேண்டாம். பட்டறையில் ஐந்து வருடம் கணக்கு எழுதிய கை உங்களுடையது. இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

உங்கள் தங்கை சொல்வது உண்மைதான். அமெரிக்காவில் இது நன்றாக வேர்பிடித்த தொழில். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் பட்டமாகப் படிக்கலாம். ஏற்கெனவே டிகிரி இருந்தால் அதைவிடக் குறைந்த காலத்தில் முடியும் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. வழக்கு நடைமுறை, சட்டம் தேடிப் படிப்பது, ஆவணம் எழுதுவது எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். வக்கீல்கள் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் இந்தப் படிப்புகளைப் பரிசீலித்து அங்கீகாரம் தருகிறது. வேலைக்குப் போன பிறகு எல்லாமே ஒரு வக்கீலின் மேற்பார்வையில்தான். கட்சிக்காரருக்குத் தானாகச் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, கோர்ட்டில் நின்று வாதாடக் கூடாது.

அவர் படித்தது அந்த நாட்டுச் சட்டம், அந்த நாட்டு நடைமுறை. அந்தச் சான்றிதழ் தேவகோட்டை கோர்ட்டில் உதவாது. நம் நாட்டில் பாராலீகலுக்கென்று, வக்கீல்களைப் பதிவு செய்கிற பார் கவுன்சில் உரிமம் எதுவும் கொடுப்பதில்லை. பெரிய நகரங்களில் சட்ட நிறுவனங்கள் சில அந்தப் பெயரில் ஆள் எடுப்பது உண்டு. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு மூன்று மாதத்தில் அந்த வேலை "நிச்சயம்" என்று எவரும் சொல்ல முடியாது. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அந்த இடத்தைத் தவிர்ப்பேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் "பாரா லீகல் வாலன்டியர்" என்று எடுக்கிறார்கள். அது 2009-ல் தேசிய ஆணைக்குழு கொண்டுவந்த திட்டம். பயிற்சி கொடுத்து, இலவச சட்ட உதவி தேவைப்படுகிறவர்களை அலுவலகத்துக்கு அழைத்து வரச் சொல்வார்கள். வேலை செய்த நாளுக்கு ஒரு மதிப்பூதியம், அவ்வளவுதான். மாதச் சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் சிவகங்கை மாவட்ட ஆணைக்குழு அறிவிப்பு விட்டால் கட்டாயம் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைக்கும் என்பது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த இலவச உதவிக்கான சட்டம் வந்தது 1987-ல். அதை நாலு பேருக்குச் சொல்வதே ஒரு நல்ல காரியம்.

சரி, உங்கள் தங்கை அங்கே செய்கிற வேலையை இங்கே யார் செய்கிறார்கள்? வக்கீல் குமாஸ்தா. வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் தாள்) கையெழுத்து வாங்குவது, கோர்ட் கட்டணம் கணக்கிடுவது, நகல் மனு போடுவது, வாய்தா தேதி குறித்து வைப்பது எல்லாம் அவர் வேலை. இன்று இ-ஃபைலிங்கும் சேர்ந்துவிட்டது. நம் பகுதியில் இந்த வேலைக்கு எவ்வளவு அவசியம் இருக்கிறது என்பதை என் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் வீட்டுக்குப் பதினொரு பங்காளிகள். அதில் இரண்டு பேர் மலேசியாவில், ஈப்போவில். பாகப்பிரிவினைக்காக அவர்கள் அங்கேயே கையெழுத்துப் போட்டு ஒரு பவர் பத்திரம் அனுப்பினார்கள். அதை வாங்கிய அலுவலகத்தில் பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்கள் போய்க் கேட்டபோது ஐந்தாவது மாதம். ஈப்போவில் ஒருவர் அதற்குள் படுத்த படுக்கையாகிவிட்டார். மறுபடியும் கையெழுத்து வாங்கி அனுப்ப அவர் மகன் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இரண்டாவது தடவை வேறொரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு வயதான குமாஸ்தா, பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "கவர் எங்கே ஆச்சி?" என்று என் அம்மாவிடம் கேட்டார். கிழித்த தபால் உறையை அம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தபால் முத்திரையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, தேதியைத் தன் நோட்டில் எழுதி, உறையைப் பத்திரத்தோடு சேர்த்து நூலால் கட்டினார். "வந்த தேதிக்கு இதுதான் சாட்சி" என்றார். அந்த ஒரு கேள்விதான், தங்கை, இந்தத் தொழில்.

செட்டிநாட்டில் இந்த மாதிரி வீடுகள் எத்தனை! வளவில் வடசிறகில் மூன்றாவது அறை ஒருவருக்கு, முகப்பில் பொதுப்பாகம், கிணற்றில் எல்லாருக்கும் உரிமை என்று எழுதிய பழைய பத்திரங்கள். சுயார்ஜிதம் (தானே சம்பாதித்தது), பிதுரார்ஜிதம் (முன்னோர் வழி வந்தது), ஒத்தி (அனுபவ அடமானம்), விடுதலை (பங்கை விட்டுக்கொடுப்பது), செக்குபந்தி (நான்கு எல்லை) என்ற சொற்களைப் படித்துப் புரிந்துகொள்கிற இளம் வயதுக்காரர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தேதியே ஒரு பாடம். பசலி (பழைய வருவாய்க் கணக்கு ஆண்டு) 1350 என்று இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள்: 1940 ஜூலையில் தொடங்கிய வருடம். "விக்கிரம வருஷம் தை மாதம்" என்று மட்டும் இருந்தால் அது 1941 ஜனவரியா, அறுபது வருடம் கழித்து வந்த 2001 ஜனவரியா என்பதைக் காகிதத்தையும் முத்திரைத்தாளையும் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். பெண் பிள்ளைகளின் பங்கு விஷயத்தில் 1989-ல் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தமும் வந்தபின், ஒரு பாகப்பிரிவினை எந்தத் தேதியில் நடந்தது என்பதிலேயே வழக்கு நிற்கிறது. தேதி தெரிந்த குமாஸ்தாவை எந்த வக்கீலும் விடமாட்டார்.

அதனால் நான் சொல்வது இது. சிவில் வழக்கு நடத்தும் ஒரு வக்கீல் அலுவலகத்தில், காரைக்குடியோ தேவகோட்டையோ, ஆறு மாதம் சேருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். பையனை விட்டுவிட்டுப் போய் மூன்றரைக்கு அழைத்துவர முடியுமா என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நகல் மனுவும் வாய்தா புத்தகமும் உங்கள் கையில் வரட்டும். சார்பு நீதிமன்றத் தீர்ப்பின் மேல் மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் போக 30 நாள், மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் 90 நாள், நகல் தயாராக எடுத்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும். ஒரு தடவை நீங்களே எண்ணிப் பார்த்தால் மறக்காது.

படிப்பும் வேண்டும் என்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பாராலீகல் பிராக்டிஸ் டிப்ளமா இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு போதும், குறைந்தது ஒரு வருடம். சேர்க்கை எப்போது என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் வேலையை வாங்கித் தராது; அலுவலகத்தில் செய்கிற வேலை ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்று புரியவைக்கும். அப்புறம், இந்த வேலை பிடித்துப்போனால், உங்கள் பி.காம். இருக்கிறது, காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. மூன்று வருட எல்.எல்.பி. படித்து நீங்களே கறுப்புக் கோட்டு போடலாம். அதை மட்டும் தபால் வழியில் படிக்காதீர்கள், பார் கவுன்சில் பதிவு கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. நாலு பத்திரம் படித்ததும் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், "இந்தக் கேஸ் ஜெயிக்குமா?" என்று. சொல்லாதீர்கள். "வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பதே உங்கள் பதில். நியூஜெர்சியில் உங்கள் தங்கையும் அதைத்தான் சொல்கிறார்.

வீட்டில் சொல்கிறவர்களிடம் சண்டை வேண்டாம். அவர்கள் பயம் கோர்ட்டு வாசலைப் பற்றியது. உங்கள் வேலை பெரும்பாலும் மேசை முன்னால்தான். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டகத்திலிருந்து வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்துத் தரச் சொல்லி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். புரியாத சொற்களை ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதி அனுப்புகிறேன்.